பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெற்றோல் மணம்: மூலத்தைத் தேடித் திருத்தும் முழுமையான வழிகாட்டி

"பழைய கார் என்றால் கொஞ்சம் பெற்றோல் மணக்கத்தான் செய்யும்" என்ற பேச்சை வட இலங்கையின் வன்னியில், வவுனியாவிலிருந்து பரந்தன் வரை எந்தக் கராஜிலும் கேட்கலாம். அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தக் கார் புதிதாக ஓடிய காலத்தில் அதற்குள் ஏறியவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. இன்று மணக்கிறது என்றால், பெற்றோல் எங்கோ ஓரிடத்தில் வெளியே வருகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியும், திருத்தவும் முடியும். ஆனால் பலர் செய்வது வேறு. மணம் வந்ததும், பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் கார்பரேட்டரைக் கழற்றுகிறார்கள். மணம் போகாவிட்டால் பம்பை மாற்றுகிறார்கள். அதுவும் உதவாவிட்டால் பழகிப்போகிறார்கள். ஸ்பானரை எடுக்கும் முன் "எப்போது மணக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டும். அந்தப் பதிலே பெரும்பாலும் இடத்தையும் காட்டிவிடும்.

இங்கே எம்.ஜி. மிட்ஜெட் என்ற சிறிய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை முன்வைத்து எழுதுகிறேன். 1961 இல் வந்த முதல் மிட்ஜெட்டின் 948 சி.சி. இயந்திரம், நம் ஊரில் தலைமுறைகளாக ஓடிய மொறிஸ் மைனர் 1000 காரின் இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னர் 1098, 1275 சி.சி. அளவுகளுக்கு வளர்ந்தபோதும் குடும்பம் மாறவில்லை. 1974 இல்தான் ட்ரயம்ப் நிறுவனத்தின் 1493 சி.சி. இயந்திரம் வந்தது. மொறிஸ் மைனரில் கைபழகிய மெக்கானிக் ஒருவர் வன்னியில் இன்னும் கிடைப்பார். மைனரில் ஒன்றாக இருக்கும் எஸ்.யு. நிறுவனத்தின் கார்பரேட்டர் மிட்ஜெட்டில் இரண்டாக இருக்கும் என்பதை அறிந்தால் அவர் தயங்கமாட்டார். எம்.ஜி.பி., ட்ரயம்ப் ஸ்பிற்பயர் போன்ற அக்கால ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே தேடும் முறை பொருந்தும்.

தீயை முதலில் அப்புறப்படுத்துங்கள்

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிரில்கூடத் தீப்பற்றப் போதுமான ஆவியைப் பெற்றோல் வெளிவிடும் என்றால், கிளிநொச்சியின் நண்பகல் வெயிலில் நிலைமை என்னவென்று எண்ணிப்பாருங்கள். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு ஆவி கலந்தாலே எரியும். ஆகவே இந்த வேலையைக் கராஜின் குழிக்குள் இறங்கிச் செய்யவே கூடாது. வளவில், திறந்த வெளியில், கல்லில்லாத சமதரையில் காரை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காமல், தாங்குகால்களை வைத்து உறுதிசெய்யுங்கள்.

நம் வளவுகளில் தீ பல வடிவங்களில் இருக்கிறது. குசினி அடுப்பு, பின்னேரம் கூட்டிக் கொளுத்தும் சருகு, பக்கத்துக் கராஜில் நடக்கும் வெல்டிங் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. மறந்துபோவது நுளம்புத்திரிதான். மாலையில் காருக்குக் கீழே படுத்து வேலை செய்பவரின் கால்மாட்டில் யாரோ அன்போடு ஒரு நுளம்புத்திரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன் வீட்டிலுள்ள எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

பற்றரியிலிருந்து காரின் உடலுக்குப் போகும் ஏர்த் வயரைக் கழற்றி ஒதுக்குங்கள்; பம்பைச் சோதிக்கும்போது மட்டும் மீண்டும் பூட்டலாம். குமிழ் விளக்கு வேண்டாம், எல்.ஈ.டி. டோர்ச் போதும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கூடவே ஒரு வாளி மணல். தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் அதன்மேல் மிதந்து தீயோடு பரவும். வடித்தெடுக்கும் பெற்றோலுக்கு மூடியுள்ள, அதற்கெனவே செய்யப்பட்ட கான் ஒன்றை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். குடிநீர்ப் போத்தலில் ஊற்றிவைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள்.

எப்போது மணக்கிறது?

ஒரு சிறு கொப்பியை எடுத்து, சில நாட்களுக்கு எதையும் கழற்றாமல் குறித்துக்கொண்டே வாருங்கள். தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது, கார் ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, வெயிலிலா நிழலிலா, எந்தப் பக்கத்திலிருந்து மணம் வந்தது என்பவை போதும். மூக்கு சில நிமிடங்களில் பழகி மரத்துவிடும் என்பதால், காரோடு நாள் முழுக்க நின்றவரின் தீர்ப்பு செல்லாது. வீட்டுக்குள் இருந்து ஒருவரைப் புதிதாக அழைத்து மணக்கச் சொல்லுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பகலில் தேடுவதும் வீண். முன்பக்கத்து மணத்தைக் காற்று பின்பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காற்று எழாத விடியற்காலையில், இரவு முழுக்க நின்ற காரைச் சுற்றி, தரைமட்டத்துக்குக் குனிந்து மணப்பதே மிகச் சரியான சோதனை.

குறிப்புகள் பேசத் தொடங்கும். தாங்கியை நிரப்பிய அன்று மட்டும் மணந்து, பாதியாகக் குறைந்ததும் மணம் நின்றுவிட்டால், ஒழுக்கு தாங்கியின் மேற்பகுதியில் இருக்கிறது. நிரப்புக் குழாயின் இறப்பர் இணைப்பு, மூடியின் வாஷர், பெற்றோல் மானியின் மிதவை அலகு பூட்டப்பட்டிருக்கும் இடம் என்ற மூன்றில் ஒன்று. இரவு முழுக்க நின்ற காரில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே மணந்தால், பெற்றோல் மட்டத்துக்குக் கீழே உள்ள ஏதோ ஒன்று கசிகிறது. தாங்கியின் அடித்தகடு, அதிலிருந்து பம்புக்குப் போகும் குழாய், பம்பின் வாஷர் என்று பாருங்கள். நிற்கும்போது மணம் இல்லை, சாவியைத் திருப்பியதும் வருகிறது என்றால் பம்புக்கு அப்பால், அதாவது அமுக்கம் ஏறும் பக்கத்தில், கார்பரேட்டர் வரை தேட வேண்டும். ஓடி முடித்து நிறுத்திய பின் பொனற் பக்கமிருந்து வந்தால் வெப்பமும் கார்பரேட்டரும் சந்தேகத்துக்குரியவை. வளைவுகளில் மட்டும் வந்தால் தாங்கியில் பெற்றோல் சாய்ந்து மேல் வாஷர்களைத் தொடுகிறது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, இது பலரைக் குழப்புவது. மின்பம்பு பின்பக்கத்தில் உள்ள கார்களில், தாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாய் ஓடும்போது உறிஞ்சப்படுகிறது. அதில் வெடிப்பு இருந்தால் ஓடும்போது பெற்றோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கார் நின்ற பிறகுதான் துளித்துளியாகக் கசியும். "ஓடும்போது பார்த்தேன், ஒழுகவில்லை" என்ற சாட்சியை வைத்து அந்தக் குழாயை விடுதலை செய்துவிடாதீர்கள்.

பெற்றோலா, புகையா?

பச்சைப் பெற்றோலின் மணம் கூர்மையானது, பெற்றோல் நிலையத்தில் நிற்கும்போது வருவது. எரிந்தும் எரியாமலும் சைலன்சர் வழியே வரும் புகையின் நெடி வேறு. கண்ணை எரிக்கும், உடையில் ஒட்டிக்கொள்ளும், தலையை இடிக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் மேலே போகக் கூடாது.

ஓடும் திறந்த காரின் பின்னால் காற்றமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு, சைலன்சர் வாயிலிருந்து வரும் புகையை டிக்கி வழியாக இருக்கைப் பக்கம் இழுத்துவரும். டிக்கி மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் பட்டி காய்ந்திருந்தாலோ, பின்விளக்குகளின் அடிவாஷர் இல்லாமலிருந்தாலோ வழி இன்னும் அகலமாகும். இந்தப் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு மணமே கிடையாது. ஓடும்போது தலைவலியோ தூக்கமோ வந்தால் பெற்றோல் ஒழுக்கைத் தேடுவதை நிறுத்திவிட்டு, புகைக்குழாயின் இணைப்புகளையும் டிக்கி இறப்பரையும் முதலில் சரிசெய்யுங்கள். அதுவரை அந்தக் காரில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.

தாங்கியும் டிக்கியும்

மிட்ஜெட்டின் தாங்கி டிக்கித் தளத்துக்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். தாங்கியின் மேற்தகட்டுக்கும் டிக்கித் தளத்துக்கும் இடையே ஒரு குறுகிய இடைவெளி உண்டு. வன்னி வீதிகளில் ஓடும் காருக்கு இந்த இடைவெளி பெரும் பகை. கோடையில் கிரவல் வீதியின் செம்புழுதி அங்கே போய்ப் படியும். மார்கழி மழையில் அது சேறாகி, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தகடு மேலிருந்து துருப்பிடித்து ஊசித்துளைகள் விழும். கீழே படுத்துப் பார்ப்பவருக்குத் தாங்கி பளபளவென்று தெரியும், துளையோ அவர் பார்க்க முடியாத மேற்புறத்தில் இருக்கும். நிரப்பினால் மணக்கிறது, வேறெதிலும் குறையில்லை என்ற முடிவுக்கு வந்தால் தாங்கியை இறக்கித்தான் ஆக வேண்டும். இடம்பெயர்வுக் காலங்களில் விட்டுச்செல்லப்பட்டு, வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக நின்று, பின்னர் மீட்கப்பட்ட வாகனம் என்றால் கேள்வியே இல்லாமல் இறக்குங்கள்.

இறக்கும் முன் டிக்கியை முழுவதும் காலிசெய்து உதிரிச் சில்லையும் விரிப்பையும் வெளியே எடுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது டிக்கியில் கான் வைத்துக் காவிய பழக்கம் பலருக்கு இருந்தது. ஒருமுறை சிந்திய பெற்றோல் விரிப்பின் பஞ்சில் தங்கி நெடுநாள் மணக்கும். விரிப்பை வெயிலில் போட்டுவிட்டு இரண்டு நாள் ஓடிப்பாருங்கள். மணம் போய்விட்டால் வேலை முடிந்தது.

போகாவிட்டால் நிரப்புக் குழாயைப் பாருங்கள். மூடிக்கும் தாங்கிக்கும் நடுவே உள்ள இறப்பர் இணைப்பு வெளியே நன்றாகத் தெரிந்தாலும், கிளிப்பைத் தளர்த்தி வளைத்துப் பார்த்தால் உள்மடிப்பில் வெடிப்புகள் தெரியும். அதை மாற்றும்போது தண்ணீர்க் குழாயின் துண்டை வெட்டிப் போடாதீர்கள்; சாதாரண நீர்க்குழாய் இறப்பர் பெற்றோலில் ஊறிப் பெருத்து மென்மையாகிவிடும். மூடியின் வாஷரை விரலால் அழுத்துங்கள். நகம் பதியாத அளவுக்கு இறுகியிருந்தால் அதுவும் மாற வேண்டும். மானியின் மிதவை அலகு, மொடலைப் பொறுத்து, தாங்கியின் மேலேயோ பக்கத்திலோ ஒரு பூட்டு வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கும். அதன் வாஷரைப் புதிதாகப் போட்டு, வளையத்தைப் பித்தளை அல்லது மரத்துண்டு வைத்துத் தட்டி இறுக்குங்கள். இரும்பும் இரும்பும் மோதினால் பொறி பறக்கும்.

தாங்கி மூச்சுவிட ஒரு வழி வேண்டும். பழைய மொடல்களில் அது மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் தனி மெல்லிய குழாயாக இருக்கும். நம் பக்கத்தில் மண்குளவி அந்தக் குழாயின் வாயை மண்ணால் அடைத்துவிடும். அடைபட்ட தாங்கி வெயிலில் சூடேறும்போது உள்ளமுக்கம் கூடி, மிகப் பலவீனமான வாஷர் வழியாக ஆவியைத் தள்ளும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று பெருஞ்சத்தம் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். மெல்லிய செப்புக் கம்பியால் குத்தித் துப்புரவு செய்து, வாயில் நுண்வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் குளவி திரும்பி வராது.

விளிம்புவரை நிரப்பும் பழக்கத்தையும் கைவிடுங்கள். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெற்றோல் ஒப்பீட்டளவில் குளிர்ச்சியானது. 27 லீற்றர் தாங்கியில் அது 15 பாகை சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் விரியும். அந்த 400 மில்லிலீற்றருக்கு உள்ளே இடமில்லாவிட்டால் வெளியேதான் வரும்.

துளை விழுந்த தாங்கியை வெல்டிங் செய்யக் கொடுப்பதைப் பற்றி உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலியான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே திரவம் இல்லை, காற்றோடு கலந்த ஆவி இருக்கிறது, அதுதான் வெடிப்பது. சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தடவை அலசிவிட்டோம் என்பது பாதுகாப்பாகாது. ஒரு ஊசித்துளை என்றால் பெற்றோலைத் தாங்கும் எபொக்சிப் பசையால் தற்காலிகமாக அடைக்கலாம். மேற்தகடு முழுக்க அரித்திருந்தால் புதுத் தாங்கிதான் நேர்மையான தீர்வு. உள்ளே ஊற்றிப் பூசும் கலவைகள் விற்கிறார்கள். துருவையும் எண்ணெய்ப் பிசினையும் அறவே நீக்கி முற்றாக உலர்த்தாமல் பூசினால் அவை தகடு தகடாக உரிந்து பில்டரை அடைக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர் அந்தக் கலவையை வாங்காமலிருப்பது நல்லது.

குழாய்கள்

வன்னியில் உள்ள பழைய கார்களின் எரிபொருள் குழாய்களில் இந்த மண்ணின் வரலாறும் இருக்கிறது. போர்க்காலத்தில், 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் வருவது நின்றது. 2002 இல் ஏ9 வீதி திறக்கும்வரை இங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை எழுப்ப மட்டும் கொஞ்சம் பெற்றோலை ஊட்டி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்காகத் துணைத் தாங்கிகளும், மூன்றுவழி இணைப்புகளும், சிறு திறப்புகளும் பூட்டப்பட்டன. கைக்குக் கிடைத்த குழாய்கள் வெட்டி மாட்டப்பட்டன. அந்தக் கைவினையால்தான் நோயாளிகள் வைத்தியசாலைக்குப் போனார்கள்; அதைச் செய்தவர்களின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த இணைப்புகள் இன்று பெற்றோலைச் சுமக்க வேண்டியவை அல்ல. பொனற்றைத் திறந்து, தேவையில்லாத மூன்றுவழி இணைப்பு, எங்கும் போகாத குழாய், நூல் சுற்றி இறுக்கிய முனை எதையாவது கண்டால் முதலில் அவற்றை அகற்றி, பாதையைத் தொழிற்சாலை அமைத்தபடி மீட்டெடுங்கள்.

உலோகக் குழாய் காரின் அடியில் நீளவாக்கில் போகும். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் துரு மறைந்திருக்கும், ஆகவே கிளிப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கிரவல் கல் அடித்து நசுங்கிய இடங்களையும் விரலால் தடவித் தேடுங்கள். கசிவு இருக்குமிடத்தைப் புழுதியே காட்டிக்கொடுக்கும். மற்ற இடமெல்லாம் செம்புழுதி உலர்ந்து கிடக்க, கசியும் இடத்தில் மட்டும் கருமையாகத் திரண்டிருக்கும் அல்லது கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும். பெற்றோல் காய்ந்தபின் மஞ்சட்பழுப்பு நிறப் படலத்தை விட்டுப்போகும். ஈரம் இருந்தால் விரலில் தொட்டுப் பாருங்கள்: பெற்றோல் குளிர்ந்து உடனே உலரும், மண்ணெண்ணெய் பிசுபிசுத்து நிற்கும், பிரேக் எண்ணெய் வழுக்கும்.

இறப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். ஒன்று வெடித்திருந்தால் அதே வயதுடைய மற்றவையும் வெடிக்கவிருக்கின்றன. வாங்கும்போது குழாயின் மேலே அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறி இருந்தால் உட்சுவரில் புளோரோ இறப்பர் இருக்கும், ஆவியை மிகக் குறைவாகவே கசியவிடும். ஆர்6 வகையும் கார்பரேட்டர் காரின் அமுக்கத்துக்குப் போதும், ஆயினும் விரைவில் முதிரும். எதுவும் அச்சிடாத குழாயையும், கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்ரிக் குழாயையும் தொடவே வேண்டாம். பின்னது இயந்திரச் சூட்டில் சில மாதங்களில் மரக்குச்சிபோல் இறுகி, முனையிலிருந்து கழன்றுவிடும். பழைய குழாயின் உள்விட்டத்தை அளந்து அதே அளவில் வாங்குங்கள். பல்வெட்டுள்ள மலிவான கிளிப் இறப்பரை அறுக்கும் என்பதால், விளிம்பு மழுங்கிய, உட்புறம் வழவழப்பான கிளிப்பைத் தேடி வாங்குவது பயனுள்ள செலவு. கார் நீண்ட நாள் நிற்கும் வளவு என்றால் எலியின் பற்தடத்தையும் பாருங்கள்.

பம்பின் சத்தத்தைக் கேளுங்கள்

தொடக்ககால மிட்ஜெட்டில் இயந்திரத்தோடு பூட்டிய பம்பு இருந்தது, பின்னர் எஸ்.யு. மின்பம்பு பின்பக்கத்துக்கு வந்தது. மொறிஸ் மைனரில் அதே இனப் பம்பு பொனற்றுக்குள் இருக்கும். இந்த மின்பம்பு தன் நிலையைத் தானே சொல்லிவிடும். "தம்பி, முதலில் அதைக் கொஞ்சம் கேளும்" என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

இயந்திரத்தை எழுப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்பு 'டக் டக்' என்று விரைவாக அடித்து, கார்பரேட்டரின் கிண்ணங்கள் நிரம்பியதும் நிற்க வேண்டும். பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு தடவைபோல அடித்தால் கவலையில்லை. சில விநாடிக்கு ஒன்றாக அடித்துக்கொண்டேயிருந்தால் பெற்றோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது: அமுக்கப் பக்கத்துக் குழாய் கசிகிறது, அல்லது கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை நிறுத்த வேண்டிய கார்பரேட்டரின் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது பம்பின் உள்வால்வு தேய்ந்து பெற்றோல் பின்னே திரும்புகிறது. நிற்காமல் படபடவென்று அடித்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது, அல்லது தாங்கி வெறுமை. எந்தக் கருவியும் இல்லாமல் பாதிக் காரைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிடும் இந்தச் சோதனையை நான் வேறெதற்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பம்பை ஏற்கெனவே யாராவது புதிய வகைக்கு மாற்றியிருந்தால் அதன் அமுக்கத்தை விசாரியுங்கள். எஸ்.யு. கார்பரேட்டரின் ஊசி வால்வு சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலைத் தாண்டினால் திணறும். கடையில் கிடைத்ததென்று 5, 6 இறாத்தல் பம்பைப் போட்டுவிட்டு, வழியும் கார்பரேட்டரைக் குற்றஞ்சொல்வது நியாயமில்லை. அமுக்கச் சீராக்கி ஒன்றைப் போடுங்கள் அல்லது சரியான பம்பை வாங்குங்கள்.

இயந்திரத்தோடு பூட்டிய பம்பு என்றால் ஒயில் அளவுக் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். பம்பின் மென்தோல் கிழிந்தால் பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும். மட்டம் உயர்ந்து, ஒயில் நீர்த்து, பெற்றோல் மணந்தால் இயந்திரத்தை எழுப்பாதீர்கள். பம்பைத் திருத்தி, ஒயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகே எழுப்ப வேண்டும்.

கார்பரேட்டர்

எஸ்.யு. கார்பரேட்டரில் பெற்றோல் வெளிவரும் இடங்கள் சிலவே. முதலாவது, மிதவைக் கிண்ணத்தின் மூடியிலிருந்து கீழே போகும் வழிவுக் குழாய். சாவியைத் திருப்பிப் பம்பு அடிக்கும்போது அதன் முனையில் வெள்ளைக் கடதாசியைப் பிடியுங்கள். நனைந்தால் ஊசி வால்வு மூடவில்லை. மூடியின் மூன்று திருகாணிகளைக் கழற்றி, ஊசியின் கூம்பில் வளையமாகத் தேய்வு இருக்கிறதா, ஊசி பொருந்தும் இருக்கையில் துருத்துகள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் தளும்பினால் அது மூழ்கும் மிதவை. ஊசியையும் இருக்கையையும் எப்போதும் சோடியாகவே மாற்றுங்கள். பூட்டும்போது மூடியைத் தலைகீழாகப் பிடித்தால், மிதவையின் நெம்புக்கும் மூடி விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். துருத்துகள் கிடந்திருந்தால் அவை வந்த இடத்தையும் மறக்காமல் தாங்கிக்குத் திரும்புங்கள். பம்புக்குப் பின் ஒரு பில்டர் போடாமல் ஊசியை மட்டும் மாற்றினால் பழைய கதை தொடரும்.

இரண்டாவது, கிண்ணத்தின் அடியிலிருந்து, பெற்றோலைக் காற்றில் விடும் சிறு துளைக்குழாயான ஜெட்டுக்குப் போகும் மெல்லிய நைலோன் குழாய். அதன் முனையிலுள்ள சிறு இறப்பர் வளையம் காய்ந்தால் அந்த நட்டிலிருந்து துளி வடியும். இறுக்கிப் பார்த்து நிற்காவிட்டால் வளையத்தை மாற்றுங்கள். குழாய் பழுத்து வெடித்திருந்தால் ஜெட்டோடு சேர்த்தே புதிதாக வாங்க வேண்டும். இந்தத் துளி சிறியது. ஆனால் அது விழும் இடம் அருகே புகைக்குழாய் சூடாக இருக்கிறது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மட்டும் இதில் கைவையுங்கள்.

மூன்றாவது, ஒழுக்கே இல்லாமல் கலவை செழித்துப்போவது. சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் மேலே திரும்பாமல் கீழேயே சிக்கியிருக்கலாம். கையால் மேலே தள்ளிப் பாருங்கள். பிளக்குகள் கரிபோல் உலர்ந்த கறுப்பாக இருந்தால் இது உறுதி. சீரமைக்க, ஜெட்டை முழுவதும் மேலே ஏற்றி, இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்குங்கள். இயந்திரம் சூடேறியபின் கார்பரேட்டருக்குள் ஏறியிறங்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செழிப்பு, விழுந்தால் வறட்சி, சற்றே கூடி மீண்டும் அமைதியானால் சரி. இரண்டு கார்பரேட்டர்களுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

நிறுத்திய பின் வரும் மணம்

இந்த இயந்திரத்தில் கார்பரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஓடும்போது காற்று குளிர்விக்கும். நிறுத்தியதும் அந்தச் சூடு மேலேறிக் கிண்ணத்திலுள்ள பெற்றோலை ஆவியாக்கும். கோடை நண்பகலில் சில நிமிடங்கள் இலேசாக மணப்பது இதனால்தான். அதற்கு மேல் நீடித்தால் வெப்பத் தடுப்புத் தகடு அதன் இடத்தில் இருக்கிறதா, அதன் உட்புற வெப்பக்காப்பு உதிர்ந்துபோயிருக்கிறதா, கார்பரேட்டருக்கு அடியிலுள்ள தடித்த காப்புத் துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய திருத்தங்களில் பலர் இவற்றைத் தேவையற்றவை என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். தடுப்புத் தகட்டைத் திரும்பப் பூட்டுவதும், குழாய்களைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டுவதும் எளிய வேலைகள், பலன் பெரிது.

ஜப்பானிய இரு இருக்கைக் கார்கள் பற்றிச் சுருக்கமாக. எரிபொருளை உட்செலுத்தும் இவற்றின் குழாயில் கார்பரேட்டர் காரைவிடப் பல மடங்கு அமுக்கம் இருக்கிறது. சிறு கசிவும் பீச்சும். கழற்றும் முன் அமுக்கத்தை இறக்க வேண்டும். சாதாரணக் குழாயும் கிளிப்பும் இங்கே ஆகவே ஆகாது. உட்செலுத்திகளின் ஓ-வளையங்களையும், தாங்கியின் பம்பு மூடி வளையத்தையும், அமுக்கச் சீராக்கியிலிருந்து போகும் வெற்றிடக் குழாயையும் பாருங்கள். அந்த வெற்றிடக் குழாயைக் கழற்றும்போது உள்ளே பெற்றோல் இருந்தால் சீராக்கி கிழிந்துவிட்டது. ஆவியை உறிஞ்சும் கரிப்பெட்டி உள்ள காரில், விளிம்புவரை நிரப்பும் பழக்கமே அந்தப் பெட்டியைக் கெடுக்கிறது.

திருத்திய பின்

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ஒரு நாள் ஓடிப் பாருங்கள். ஒரேநாளில் ஐந்து பொருளை மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாமலே போகும். குழாய்கள் மட்டும் இதற்கு விலக்கு.

சோதனை ஓட்டத்துக்கு ஏ9 வீதி நல்லது. கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டு முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எப்படியும் நிறுத்துவீர்கள். அங்கே கச்சான் வறுக்கும் அடுப்புகளிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். வறுத்த கச்சானின் வாசனையில் பெற்றோலின் மெல்லிய நெடி அமுங்கிவிடும், அடுப்பின் தணலும் ஆகாது. தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, பொனற்றைத் திறக்கும் முன் அதன் இடுக்கில் மணந்து பாருங்கள். காருக்கு முன்னே கற்பூரம் ஏற்றும் வழக்கமுள்ளவர்கள், மணம் முற்றாக நீங்கும்வரை அதைக் கோவில் வாசலிலேயே ஏற்றட்டும். திரும்பும்போது கிளிநொச்சியைத் தாண்டிப் போய்ப் பரந்தனில் திரும்பி, முல்லைத்தீவு நோக்கிய ஏ35 வீதியில் கொஞ்ச தூரம் ஓடினால் குலுக்கலில் தளரும் கிளிப் எது என்பதும் தெரிந்துவிடும்.

இரவில் காருக்கடியில், பம்பின் கீழும் தாங்கியின் கீழும் இயந்திரத்தின் கீழும், பெரிய கார்ட்போர்ட் அட்டைகளை விரித்து, கற்களால் அழுத்திவிடுங்கள். விடியும்போது பெற்றோல் உலர்ந்திருக்கலாம், ஆனால் அட்டையில் அதன் வளையம் நிற்கும். அந்த வளையத்துக்கு நேர் மேலே, குழாய் வழியே பின்னோக்கி உயரத்துக்குப் போய்த் தேடுங்கள். திரவம் கசியும் இடத்திலேயே விழுவதில்லை, தாழ்ந்த விளிம்புவரை ஓடித்தான் விழும்.

வடித்தெடுத்த பழைய பெற்றோலை வளவில் ஊற்றாதீர்கள். அது மண்ணில் இறங்கிக் கிணற்று நீரைச் சேரும். பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. அடுப்பு மூட்டவும் அதைப் பயன்படுத்த வேண்டாம். வண்டலை வடிகட்டி, கராஜில் கழிவு எண்ணெய் சேகரிப்பவரிடம் தனிக் கானில் கொடுத்துவிடுங்கள்.

புது இறப்பர் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் அழுந்திப் படியும், கிளிப்புகள் தளரும். அப்போது எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். குழாய்கள் மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் பொனற்றின் உட்புறத்தில் பெயின்றால் எழுதிவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, மேலே நல்லதாகத் தெரிந்தாலும், அவை மாற வேண்டும்.